கடவுள் விட்ட வழி எந்தப் பக்கம்?

ஊசி எப்படிப் போடுவது, டிரிப் எப்படி ஏற்றுவது என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு காலேஜ் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. புதிதாக வார்டுக்கு வந்திருக்கிற சிஸ்டர்களுக்கும் பிரதர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது உங்கள் கையைப் பற்றி இல்லை, வாயைப் பற்றி. ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிற சமாச்சாரம் அது ஒன்றுதான்.

நம் ஜனங்கள் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பாருங்கள். 'ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்' என்கிறார்கள். கையை விரித்தால்தானே ஐயா கொடுக்க முடியும்? மூடி வைத்துக்கொண்டால்தானே இல்லை என்று அர்த்தம்? 'கை கழுவி விட்டுட்டாங்க' என்பார்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் நாம் செய்கிற முதல் வேலையே கை கழுவுவதுதான். ஊரில் அதற்குப் பேர் தொலைத்துத் தலைமுழுகியது. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறதாம். நல்ல சேதி வந்தால் அதே வயிற்றில் பாலை வார்க்கிறதாம். புளியும் பாலும் ஒரே பாத்திரத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று சமையல்கட்டுக்குப் போகிற எவளைக் கேட்டாலும் சொல்வாள்.

'உசுரைக் கையில புடிச்சிக்கினு ஓடியாந்தேன் சிஸ்டர்' என்று சொல்லிக்கொண்டு கேஷுவால்டிக்குள் நுழைந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் வண்டிச் சாவி. உயிர் எந்தக் கையில் என்று கேட்டால் முறைப்பார்கள்.

தமிழ் வாத்தியார்கள் யாரும் என் மேல் பாய வேண்டாம். டீக்கடையில் பேசுங்கள், கல்யாண வீட்டில் பேசுங்கள், பட்டிமன்றத்தில் ஏறிக் கைத்தட்டு வாங்குங்கள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நோயாளியின் தலைமாட்டில் நின்று பேசாதீர்கள். அவ்வளவுதான் என் சண்டை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு ஹெட் சிஸ்டர் இருந்தார். வேலையில் கெட்டி. ஆனால் வாயைத் திறந்தால் நேரான வார்த்தை வராது. 'யானைக்கும் அடி சறுக்கும்', 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற', எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருப்பார். நாங்களும் ஆஹா என்ன ஞானம் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். சங்கராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர். ஊசியைக் கையில் கொடுத்து அனுப்பும்போது ஹெட் சிஸ்டர் அவரிடம், "இனிமே வாயைக் கட்டணும் பெரியவரே. வாயைக் கட்டினா எல்லாம் கட்டுக்குள்ள இருக்கும்" என்றார். அவரும் பெரிதாக மண்டையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மயங்கிக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊசியைச் சொன்னபடி போட்டுக்கொண்டிருக்கிறார். வாயையும் சொன்னபடி கட்டிவிட்டார், பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. குளுக்கோஸ் ஏற்றி எழுப்பி உட்கார வைத்ததும், "நீங்கதானம்மா கட்டச் சொன்னீங்க" என்றார் பாவம். அதற்கும் ஹெட் சிஸ்டர் ஒன்று வைத்திருந்தார். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.' எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்பானைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். இட்லி எத்தனை, சோறு எவ்வளவு, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பழமொழி சொல்கிற நேரம்தான் ஆகும்.

சரி, அந்த விவசாயி எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டார். அலமேலுவின் கதை அப்படி லேசில் முடியவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கினால் வருகிற ஆஸ்பத்திரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டுகிற பருவத்தில் மலையிலிருந்து குடும்பம் குடும்பமாக மூங்கில்துறைப்பட்டு பக்கம் இறங்குவார்கள். வயலோரம் ஓலையைச் சாய்த்து ஒரு குடிசை, தரையில் ஒரு சாக்கு, அதுதான் படுக்கை. அப்படிப் படுத்திருந்த அலமேலுவைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. அந்தப் பாம்பு கடித்தால் வலிக்கக்கூடச் செய்யாது. காலையில் எழுந்தபோது வயிற்று வலி என்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறியிருக்கிறது. புருஷன் கோவிந்தனும் அவனுடைய அக்காளும் அவளைக் கரும்பு டிராக்டரில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் எங்களிடம் சேர்த்தார்கள். வந்து சேரும்போது மூச்சு நூலாக இருந்தது.

டூட்டி டாக்டர் சின்னப் பையன். சென்னைப் பக்கம் படித்தவர். கெட்டிக்காரர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை நடுங்காமல் தொண்டையில் குழாயை இறக்கினார், விஷமுறிவு மருந்தை ஏற்றினார், ஒன்றிலும் பிசகில்லை. மூச்சு மெஷின் வேறொரு நோயாளிக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான் அது காலியாகும். அதுவரைக்கும் குழாயின் முனையில் ரப்பர் பையை மாட்டிக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். அது என் வேலை.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும். கண் திறக்காது, விரல் அசையாது, கிள்ளினாலும் அடித்தாலும் கட்டையாகக் கிடப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் பிணம்தான். ஆனால் உள்ளே நினைவு இருக்கும், காது கேட்கும். மூச்சை மட்டும் நாம் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் சில நாளில் விஷம் விலகி எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூச்சை நிறுத்தினால் போச்சு.

டாக்டருக்கு இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகவே தெரியும். வெளியே போய்க் கோவிந்தனிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"எங்களால முடிஞ்சதைச் செஞ்சிட்டோம்ப்பா. இனிமே கடவுள் விட்ட வழி."

சொல்லிவிட்டு அடுத்த கேஸைப் பார்க்க கேஷுவால்டிக்குப் போய்விட்டார். திரைக்கு இந்தப் பக்கம் பையை அமுக்கிக்கொண்டு நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. அடுத்த நொடி கோவிந்தனின் அக்காள், "ஐயோ என் கண்ணு" என்று ஓலமிட்டாள். அடப்பாவி மனுஷா, கெடுத்தியே காரியத்தை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் அந்த வார்த்தைக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியமில்லை. ஆஸ்பத்திரிக்காரர் வாயிலிருந்து அது வந்தால் ஜனங்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. வண்டி பிடிப்பார்கள். ஆளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பால் ஊற்றுவார்கள். இதில் வாதமே கிடையாது, மணியடித்தால் பள்ளிக்கூடம் விடுகிற மாதிரி.

கோவிந்தன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல். அழுகையை அடக்கி அடக்கி முகம் வீங்கியிருந்தது.

"நர்சம்மா, குட்டியானை சொல்லிட்டேன். வந்துக்கினே இருக்குது. அந்தக் கொழாயக் கழட்டி வுட்டுடுங்க." குட்டியானை என்றால் இங்கே சின்ன லோடு வண்டி. அதற்கும் ஒரு பேரைப் பார்த்தீர்களா.

"இன்னாத்துக்குய்யா கழட்டணும்?"

"உசுரு இருக்கும்போதே வூட்டுக்குக் கொண்டு போய்டணும்மா. வெளிய உசுரு போச்சின்னா எங்க ஊருக்குள்ள வுட மாட்டாங்க. எல்லையிலயே போட்டு சுடுகாட்டுக்கு எடுத்துனு போய்டுவாங்க. அவ கட்டுன வூட்டு வாசப்படிய ஒரு தபா கூடத் தாண்ட முடியாது."

"அவ சாவப்போறான்னு யாருய்யா சொன்னது?"

"டாக்டரே கைய விரிச்சிட்டாரே! கடவுள் வுட்ட வழின்னுட்டாரே! அதுக்கு மேல இன்னா இருக்குது?"

அவனை மடையன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெண்டாட்டி மேல் ஆசை இல்லாதவனா வாசப்படியைப் பற்றிப் பேசுவான்? சேறும் செங்கல்லுமாக அவள் சேர்ந்து கட்டின வீட்டுக்கு அவளை ஒரு மூச்சோடாவது கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்று துடித்தான். அந்த ஆசையே அவளைக் கொன்றிருக்கும். மலை ஏறுவதற்குள், கச்சிராயபாளையம் தாண்டுவதற்கு முன்னாலேயே, அவள் போயிருப்பாள்.

என் நாக்கும் சும்மா இருக்கவில்லை, நுனியில் ஒன்று வந்து நின்றது. 'கவலைப்படாதேப்பா, எல்லாம் நல்லபடியா நடக்கும்.' அதுவும் அந்தக் குப்பைதான். பயத்தில் நமக்கு முதலில் கைக்கு வருவது இந்தத் தேய்ந்த வார்த்தைகள்தான். விழுங்கிவிட்டேன். டாக்டரைக் கூப்பிட நான் போக முடியாது, பையை விட்டால் அவ்வளவுதான். செக்யூரிட்டியைக் கூப்பிட்டுக் கத்தினால் இவர்கள் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிற கரும்பு வெட்டுகிற கூட்டம் மொத்தமும் உள்ளே வரும்.

இதற்குள் அக்காள் வந்துவிட்டாள். கையில் எதிர்க்கடையில் வாங்கின பேப்பர் கப். அதில் பால்.

"தள்ளு நர்சம்மா. ஒரு வாயி ஊத்திடறேன். வெறுந்தொண்டையோட வண்டியில ஏத்தக் கூடாது."

அசைய முடியாதவளால் விழுங்க முடியுமா? வாயோரம் ஊற்றுகிற பால் எங்கே போகும்? யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அவள் ஒரு கையால் அலமேலுவின் தாடையைப் பிடித்தாயிற்று.

"கொண்டா இங்க" என்றேன்.

நான் ஊற்றப் போகிறேன் என்று நினைத்து அவள் கொடுத்தாள். வலது கையால் பையை அமுக்கிக்கொண்டே, இடது கையால் கப்பை வாங்கி, ஒரே மடக்கில் நான் குடித்துவிட்டேன். காலிக் கப்பைக் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியில் போட்டேன்.

பக்கத்துக் கட்டில் கிழவர் இருமலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி மவளே!" என்று அக்காள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "சாவப்போறவளுக்கு வச்ச பாலை எடுத்துக் குடிச்சிட்டியே, நீ வெளங்குவியா!"

"சாவப்போறவ எவ? இவ இல்ல. நான் சொல்றத ரெண்டு பேரும் கேளுங்க. கதை சொல்லல. பாம்பு வெசம் இவ கையையும் காலையும் கண்ணையும் கட்டி வச்சிருக்குது. அதுக்கு மருந்து உள்ள போயிருக்குது. மூச்சு வுட மட்டும் அவளால முடியல, அத நான் குடுக்கறேன். சாயங்காலம் மெஷின் குடுக்கும். சில நாள் இப்படித்தான் கெடப்பா, அப்புறம் பொழைக்கிறதுக்கு வழி நல்லாவே இருக்குது. இந்தப் பையை வுட்டா வாசலத் தாண்டறதுக்குள்ள செத்துடுவா. நாம பேசறது எல்லாம் அவளுக்குக் கேக்குது."

"கேக்குதா?" என்றான் கோவிந்தன். அது ஒன்றுதான் அவனுக்குள் இறங்கியிருந்தது.

அலமேலுவின் காதோரம் குனிந்தேன். "அலமேலு, உன் வூட்டுக்காரரு நம்ப மாட்டேங்கறாரு. கால் கட்டவெரலை மட்டும் ஆட்டும்மா. முடிஞ்சவரைக்கும்." சிலருக்குத்தான் இது லேசாக அசையும். அசையாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கோவிந்தன் போர்வையை விலக்கிக்கொண்டு அவள் பாதத்தையே பார்த்தான். ஒன்றுமில்லை. பிறகு, எறும்பு ஊர்ந்த அளவுக்கு, கட்டைவிரல் நகர்ந்தது.

அவன் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு. ஒக்கார நேரமில்ல. போயி கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவினு வா." கழுவிக்கொண்டு வந்தான். பையை அவன் கையில் கொடுத்து, என் கையை அவன் கைமேல் வைத்து, "நீ மூச்சு இழுக்கறப்ப அமுக்கு. வுடறப்ப வுடு. அவளுக்கும் சேத்து நீயே மூச்சு வுடறன்னு நெனச்சிக்கோ" என்றேன். அக்காள் வெளியே போய்க் குட்டியானையைத் திருப்பி அனுப்பினாள். டிரைவர் வந்த வாடகையைக் கேட்டுச் சண்டை போட்ட சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல சிஸ்டர்."

"வேற எந்த அர்த்தத்துல சொன்னீங்க சார்?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார்.

"கடவுள் விட்ட வழின்னா எந்த ரூட்டு சார்? சங்கராபுரம் வழியா, கச்சிராயபாளையம் வழியா? தெரியாததால அவங்களே வண்டி பேசி ரூட்டும் போட்டுட்டாங்க."

அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் ஒருநாள் தெரியும். பயம். ஒருவேளை அவள் செத்துப்போனால் நாளைக்குக் கூட்டம் சட்டையைப் பிடிக்கும். அதற்கு முன்கூட்டியே பழியை இன்னொருத்தர் தலையில் ஏற்றி வைத்துவிட்டார். நானும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் கடவுள் பெயர் நம் டூட்டி சார்ட்டில் இல்லை. வார்டில் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற டாக்டரையும் நர்சையும் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறோம், அவர்கள் என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஓடாதீர்கள், அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பையன் அதைச் செய்தார். கோவிந்தன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் நேரான தமிழில் சொன்னார். இன்றைக்குப் பெரிய டாக்டர் ஆகிவிட்டார். இப்போது எப்படிப் பேசுகிறாரோ, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மெஷின் வந்தது. அதுவரைக்கும் கோவிந்தன் பையை என்னிடம்கூட ஒழுங்காகத் தரவில்லை. கை மரத்துப்போனால் மட்டும் கொடுத்துவிட்டு, உதறிக்கொண்டு மறுபடி வாங்கிக்கொள்வான். அப்புறம் டீ குடிக்கப் போன இடத்தில், "எம் பொண்டாட்டி உசுரக் கையில புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்" என்றிருக்கிறான். "ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று கடைக்காரர் சில்லறையைத் தள்ளியிருக்கிறார். என் சர்வீசில் அந்த வார்த்தையைச் சொன்னவர்களில் நடந்ததை நடந்தபடி சொன்ன ஒரே ஆள் அவன். அவனைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

அலமேலுவுக்கு முதலில் விரல் வந்தது, அப்புறம் கை, அப்புறம் இமை. மெஷினை எடுத்து, குழாயை உருவின அன்றைக்கு மூவரும் அவள் கட்டிலைச் சுற்றி நின்றோம். அக்காள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்க வயித்துல பாலை வாத்தீங்கம்மா" என்று அழுதாள். எந்தப் பால் என்று நான் கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டேன்.

அலமேலு அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்வை நன்றாக இல்லை. கோவிந்தனுக்குப் புரிந்துவிட்டது.

"கேட்டுக்கினா இருந்த?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். வண்டி சொன்னது, கொழாயைக் கழட்டச் சொன்னது, எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"டாக்டரு சொன்னாருடி. அவரு அப்படிச் சொன்னதாலதான்..." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினான். அவள் அவனைக் கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு டிரிப் போட்ட கையைத் தூக்கி, அவன் கைமேல் வைத்தாள். பையை அமுக்கின கை அது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

அப்புறம் என்னை விரலால் கிட்டே கூப்பிட்டாள். தொண்டை புண்ணாகியிருந்ததால் காற்றாகத்தான் பேச்சு வந்தது.

"பாலு..."

"பாலு கேக்குறா!" என்று அக்காள் வாசலுக்கு ஓடப்போனாள். அலமேலு வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எனக்கு வாங்கியாந்தாங்களே. நீங்க குடிச்சீங்களே நர்சம்மா. எப்பிடி இருந்துச்சி?"

"சக்கரை கம்மி" என்றேன்.